குதிரைக் கலையும் கல்லூரிக் கல்வியும்

பாலராமபுரத்துத் தெருக்களில் செல்வோரின் காதில் முதலில் விழுவது தறியின் ஓசையாகும். பாலராம வர்மா மகாராஜா ஆண்ட காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதிகளிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் வழிவந்தோர் இன்றும் அங்குக் குழித்தறியில் கசவு வேட்டி நெய்து வருகின்றனர். அத்தொழிலைக் கற்பதற்கு அவ்வூர்ச் சிறுவர் எவரும் கல்லூரியை நாடிச் சென்றதில்லை. தறி வீட்டிலேயே இருந்தது. ஆசான் தந்தையாகவே இருந்தார். பாவோடும் முறையைப் பிள்ளை கண்ணால் கண்டே பழகிக்கொண்டது. பரம்பரை உள்ள இடத்தில் பள்ளிக்கூடம் இல்லாமலும் ஒரு கலை வாழ இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

பரம்பரை இல்லாத இடத்தில் ஒரு கலையின் கதி யாது? பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை எல்லை வரையுள்ள கிராமங்களில் குதிரை வளர்ப்பு என்பது சொல்லளவில்கூடப் பழக்கமில்லாத தொழிலாகும். அந்நாட்டில் குதிரை பெரும்பாலும் மரத்தில்தான் நிற்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் எழுப்பிய குதிரை மாளிகையின் இறவாரத்தைத் தாங்கி 122 மரக்குதிரைகள் வரிசையாகப் பாய்கின்றன. சற்று வடக்கே சென்றால், கொல்லம் பகுதித் திருவிழாக்களில் மரச்சட்டமும் துணியும் கொண்டு கட்டிய ‘கெட்டுக் குதிரை’களை மக்கள் தோளில் சுமந்து செல்கின்றனர். உயிருள்ள குதிரையைக் காண வேண்டுமெனில் கண்ணேற்றுமுக்கிலுள்ள குதிரைப் போலீஸ் லாயத்திற்கே செல்ல வேண்டும். மன்னரின் மெய்காவற் குதிரைப் படையாக இருந்து பின்னர்ப் போலீஸ் இலாகாவோடு சேர்ந்த அப்பிரிவு இன்றும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலத்தில் முன்செல்கிறது.

இச்சூழலில் பாறசாலைப் பள்ளி மாணவன் ஒருவன், குதிரையைப் பேணவும் பழக்கவும் இனம்பெருக்கவும், ஏறிச் செலுத்தக் கற்பிக்கவும் கல்லூரியில் படிக்க விரும்புகிறேன் என்று சொன்னால், ஆசிரியர் பலரும் நகைத்துவிடுவர். அல்லது அது செல்வந்தர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று கூறி வேறு பாடத்தைக் காட்டுவர். இவ்விரண்டும் தவறு. குதிரைக் கல்வி இல்லாமையால் ஒரு நாட்டின் பொருளே அழிந்த வரலாறு தமிழகத்திற்கு உண்டு. அதுவும் தொலைவில் நிகழ்ந்ததன்று. தாமிரபருணி கடலோடு கலக்கும் இடத்தில் நிகழ்ந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தின் குதிரை வாணிகத்தைக் குறித்து எழுதியவை ஒவ்வொரு கால்நடை ஊழியரும் அறியத்தக்கவை. ஹார்மோஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து அரபு வணிகர்கள் கப்பல் கப்பலாகக் குதிரைகளைக் கொணர்ந்தனர். அரசனும் அவனுடைய சகோதரர் நால்வரும் தனித்தனியே ஆண்டொன்றுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர். ஆண்டு முடியும்போது அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சவில்லை என்கிறார் போலோ. குதிரையைப் பேணும் முறையை அங்குள்ளோர் அறியார். லாடம் அடித்து நோய் தீர்ப்போரும் அங்கு இல்லை என்பது அவர் கூறும் காரணம். அதனினும் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றையும் அவர் சேர்த்துள்ளார். வணிகர்கள் அத்தகைய வல்லுநர்களைத் தம்முடன் அழைத்து வருவதில்லை. தாமாகச் செல்ல முற்படுவோரையும் தடுத்துவிடுவர். குதிரைகள் பிழைத்திருந்தால் அடுத்த ஆண்டின் விற்பனை குறைந்துவிடுமல்லவா?

பாரசீக வரலாற்று ஆசிரியரான வஸ்ஸாபும் ஏறக்குறைய அதே காலத்தைப் பற்றி எழுதியுள்ளார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 செம்பொன் தினார் என்பது அவர் தரும் கணக்கு. அதாவது ஆண்டுதோறும் 22 லட்சம் தினார் கடல் கடந்து சென்றது. வெளிநாட்டார் எழுதும் தொகைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வியப்பில் எண்கள் பெருகுவது இயல்பு. ஆயின் இருவர் கூறும் காரணம் ஒன்றேயாக இருத்தலை மறுக்க இயலாது. மாணிக்கவாசகரின் வரலாற்றில் பரிகள் இரவோடு இரவாக நரிகளாகிய கதையைத் தமிழ்ச் சிறுவர் யாவரும் அறிவர். காயலில் வாங்கிய பரிகள் ஓராண்டுக்குள் எலும்பாகிய கணக்கை அறிந்தவர் சிலரே.

குதிரைகள் ஏன் இறந்தன? தென்னாட்டின் வெப்பமும் ஈரமும் குதிரைக்கு ஒவ்வா என்ற விடையைப் பலரும் உடனே கூறிவிடுவர். தட்பவெப்பத்தின்மீது பழியைச் சுமத்துவது எளிது. அது மறுமொழி பேசாது. ஆனால் அவ்விருவரும் குறித்துவைத்த தீவன முறையை இன்றைய விஞ்ஞானத்தைக் கொண்டு ஆராய்ந்தால் வேறு விடை கிடைக்கிறது. குதிரைகளுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியையும் கொடுத்தனர் என்கிறார் போலோ. வறுத்த தானியத்தில் வெண்ணெய் கலந்து ஊட்டி, காய்ச்சிய பசும்பாலையும் புகட்டினர் என்கிறார் வஸ்ஸாப். மேலும், புதிதாக வாங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பின்னர் எவ்விதப் பயிற்சியும் அளிக்காமல், அங்கவடி முதலிய சாதனங்களும் இன்றி, வீரர்கள் அவற்றின்மீதேறிக் கண்மூடித்தனமாக விரட்டினர் என்றும் எழுதுகிறார்.

குதிரையின் உடலமைப்பை அறிந்த எவரும் இதனைப் படித்தவுடன் திடுக்கிடுவர். குதிரை மாட்டைப் போல் அசைபோடும் பிராணி அன்று. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது; எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரையே கொள்ளும். புல்லின் நார்ப்பொருள் பிற்குடலில், அங்கு வாழும் நுண்ணுயிர்களால் செரிக்கப்படுகிறது. அரிசிச் சோறும் தானியமும் அளவுமீறிச் சென்றால் சிறுகுடலில் செரியாத மாப்பொருள் பிற்குடலை அடைந்து புளித்து அமிலமாகிறது. கடும் வயிற்று நோவும், குளம்பின் உட்பகுதி அழன்று குதிரை நிற்கவும் இயலாமற்போகும் நோயும் அதனால் விளைகின்றன. உண்டதைக் கக்கும் ஆற்றல் குதிரைக்கு இல்லை; ஆகவே உண்ட பிழைக்கு மீட்சியும் இல்லை. வளர்ந்த குதிரைக்குப் பாலிலுள்ள சர்க்கரையும் சரிவரச் செரிப்பதில்லை. நாற்பது நாள் கட்டிவைத்துத் தானியம் ஊட்டியபின் திடீரென விரட்டினால் தசைகள் கட்டையாக இறுகிச் சிதையும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், பல குதிரைகள் அப்போதே விழுந்துவிடும். உழவுக் குதிரைகளும் வண்டிக் குதிரைகளும் ஞாயிறு ஓய்ந்து திங்களன்று வேலைக்குச் செல்லுகையில் இந்நோய் கண்டதால் ஐரோப்பியர் இதனைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்று அழைத்தனர்.

உயர்ந்த பொலிகுதிரையைச் சேர்த்தாலும் அந்நாட்டில் கால் கோணிய சிறு குட்டிகளே பிறந்தன என்று போலோ கூறுவதும் கருதத்தக்கது. தானியமும் தவிடும் மிகுந்த தீவனத்தில் பாஸ்பரஸ் மிகும், சுண்ணச்சத்து குறையும். வெப்ப நாட்டுப் புற்கள் சிலவற்றிலுள்ள ஆக்ஸலேட் இருக்கும் சுண்ணச்சத்தையும் உடலில் சேரவொட்டாது கட்டிவிடும். எலும்பு வலுவிழத்தலுக்கு இது போதுமான காரணமாகும். மண்ணின் குற்றமென்று கருதப்பட்டதில் ஒரு பகுதியேனும் தொட்டியின் குற்றமாக இருந்திருக்க இடமுண்டு. பிற்காலத்தில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்துக் குனிகல் பண்ணையிலும், பிரிட்டிஷ் படைக்குக் குதிரை வளர்க்கவென 1824-ல் தோன்றிய ஓசூர்ப் பண்ணையிலும், குளிர்ந்த மேட்டு நிலமும் முறையான தீவனமும் அமைந்தபோது, தென்னாட்டிலும் குதிரை வளர்ந்தது என்பதை மறத்தல் கூடாது.

வணிகர்கள் மறைத்துவைத்த அறிவு என்ன மந்திரமா? இல்லை. எழுதிப் பரப்பக்கூடிய, கற்பித்துக் கைவரச் செய்யக்கூடிய சாதாரண அறிவுதான். வடமொழியில் சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாஸ்திரங்கள் இருந்தன. நகுலனுடையதென்று வழங்கும் நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல் நிலையம் வண்ணப் படங்களுடன் 1952-ல் பதிப்பித்தது. ஆயினும் சுவடி இருந்த இடமும் லாயம் இருந்த இடமும் வேறு வேறாக இருந்துவிட்டன. சுவடியை லாயத்திற்குக் கொண்டுவரும் பாலமே கல்லூரி.

உலகின் முதற் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிய வரலாறும் இதனை உறுதிப்படுத்துகிறது. பிரான்சு நாட்டில் லியோன் நகரக் குதிரையேற்றப் பள்ளியின் தலைவராக இருந்த குளோட் பூர்ழெலா என்பவரே 1761-ல் அரசாணை பெற்று அதனை நிறுவினார். குதிரையேற்றம் கற்பித்தவர் குதிரையின் உடலை அறிய விரும்பினார். அவ்விருப்பத்திலிருந்து ஒரு விஞ்ஞானமே பிறந்தது. அங்குச் சென்று பயின்ற முதல் ஆங்கிலேயர் வில்லியம் மூர்கிராப்ட். அவர் 1808-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையை நடத்தப் பீகாரிலுள்ள பூசாவிற்கு வந்தார். நல்ல பொலிகுதிரைகளைத் தேடித் துருக்கிஸ்தானம் வரை சென்று 1825-ல் அங்கேயே மாண்டார். (அதே பூசாவில்தான் பின்னர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நிலநடுக்கத்திற்குப்பின் அந்நிலையம் டில்லிக்கு மாறியபோது ஊர்ப் பெயரும் உடன் சென்றது. இன்று ‘பூசா’ என்றவுடன் கோதுமையை நினைப்போர் அது ஒரு குதிரை லாயத்தின் பெயர் என்பதை அறியார்.)

இந்தியாவிலும் கால்நடைக் கல்வி படைக்குதிரைகளை முன்னிட்டே தொடங்கியது. புனாவில் 1862-ல் இராணுவப் பள்ளி, 1877-ல் பாபுகட், 1882-ல் லாகூர், 1886-ல் பம்பாய், 1903-ல் சென்னை என்று அது விரிந்தது. டெரா இஸ்மாயில் கானில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் அழித்துவந்த ‘சுர்ரா’ நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1880-ல் கிரிபித் எவான்ஸ் குருதியில் கண்டறிந்தார். அந்த இனத்து நுண்ணுயிர் நோய் விளைவிக்கும் என்பதை உலகம் அறிந்தது அப்போதுதான். மோட்டார் வந்தபின் நிலைமை மாறியது. பசுவும் எருமையும் ஆடும் கோழியும் கல்லூரியின் முழுக் கவனத்தையும் பெற்றன. நாட்டின் உணவுத் தேவையை நோக்க அது முற்றிலும் நியாயமே. ஆனால் கல்லூரியைப் பெற்றெடுத்த குதிரை அக்கல்லூரியில் விருந்தாளியாகிவிட்டது. ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடித்துப் பட்டம் பெறும் இளைஞர் பலர், ஒரு குதிரையின் நான்கு குளம்புகளையும் தம் கையால் தூக்கிப் பார்க்கும் வாய்ப்பைப் பெறாமலேயே வெளியேறுகின்றனர்.

வாய்ப்பு அறவே இல்லை என்பதன்று. சென்னை வேப்பேரியிலும் திருச்சூர் மண்ணுத்தியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டித் தேசிய மாணவர் படையின் ரெமௌண்ட்–வெட்டரினரி பிரிவுகள் இயங்குகின்றன. அப்பிரிவில் சேரும் மாணவர் குதிரையைத் தேய்த்துத் துடைக்கவும், சேணம் பூட்டவும், ஏறிச் செலுத்தவும், தடை தாண்டவும் பழகுகின்றனர். பாறசாலை மாணவனுக்கு எட்டக்கூடிய வழி இதுவே. வடக்கே மீரட்டில் இராணுவத்தின் ரெமௌண்ட்–வெட்டரினரி படைக்குரிய கல்லூரி இருக்கிறது. ஹிஸாரில் 1985-ல் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் நோய்களையும் இனப்பெருக்கத்தையும் ஆராய்கிறது. அதன் பிகானேர்க் கிளையில் 2023-ஆம் ஆண்டு மே மாதம், கரு மாற்று முறையில் மார்வாரி இனக் குட்டியொன்று நாட்டில் முதன்முறையாகப் பிறந்தது. ராஜஸ்தானத்தில் 1935-ல் தோன்றிய வனஸ்தலி வித்தியாபீடம் மகளிர்க்குக் குதிரையேற்றத்தைக் கல்வியின் ஓர் அங்கமாகவே கற்பித்து வருகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குதிரை இயலுக்கே தனிப் பட்டங்கள் உண்டு. அவற்றை அப்படியே இங்குப் பெயர்த்து நடுதல் வேண்டுமென்று எவரும் கோர வேண்டியதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலிமையானதும்கூட. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 3.4 லட்சமே; 2012-ல் இருந்ததைவிட இது ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவு. கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் வீழ்ச்சி இதனினும் கொடிது. மறைந்துவரும் பிராணிக்குப் புதிய பாடம் எதற்கு என்று கேட்போரைக் குறைகூற இயலாது. ஆனால் தொகை குறையக் குறைய அப்பிராணியை அறிந்தோர் தொகை அதனினும் விரைவாகக் குறைகிறது. சாயிஸ் வேலையைத் தந்தையிடமிருந்து மகன் ஏற்பதில்லை; லாடம் அடிப்பவர் மறைந்தால் அவர் இடத்தில் மற்றொருவர் அமர்வதில்லை. எஞ்சிய மூன்று லட்சம் உயிர்கள் அறியாதார் கையில் சேர்கின்றன. உதகையிலும் கொடைக்கானலிலும் சென்னைக் கடற்கரையிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளின் குளம்புகளைச் சிறிது நேரம் குனிந்து நோக்கினாலே இவ்வுண்மை விளங்கும். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டத்து அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வருகின்றன. அழகில் மயங்கி வாங்குவோருள் எத்தனைபேர் தீவனக் கணக்கை அறிந்து வாங்குகின்றனர்? ராஜஸ்தானத்து வறண்ட மணலில் வளர்ந்த குதிரையை நெய்யாற்றங்கரையின் ஓயாத மழை ஈரத்தில் கட்டினால் குளம்பின் அடி அழுகும். தரை உலர்ந்திருக்க வேண்டும், நாள்தோறும் குளம்பைச் சுரண்டித் துடைக்க வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்வோர் யார்?

குதிரையே இல்லாத கிராமத்திற்கும் இது தொடர்புடைய பொருள் என்பதற்கு மற்றொரு காரணம் உண்டு. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் ரப்பர்த் தோட்டத்திலோ மரவள்ளிக் கொல்லையிலோ ஒருவரைப் பாம்பு கடித்தால், ஆஸ்பத்திரியில் அவர் நரம்பில் ஏற்றப்படுவது குதிரையின் குருதியிலிருந்து எடுத்த மருந்தாகும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திக் குதிரைக்குச் செலுத்துவர். அதன் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கியபின் குருதியில் ஒரு பகுதியை எடுத்து, தெளிநீரைப் பிரித்து, அதிலிருந்து எதிர்ப்பொருளைத் தூய்மை செய்து குப்பியில் அடைப்பர். பத்து மில்லிலிட்டர்க் குப்பி ஒன்று கண்ணாடி விரியனின் நஞ்சில் ஆறு மில்லிகிராமை முறிக்க வல்லதாக இருத்தல் வேண்டும். ஊட்டமும் ஓய்வும் இன்றி இளைத்த குதிரையிடமிருந்து வீரியமுள்ள மருந்தை எதிர்பார்த்தல் வீண். அக்குதிரைக்கு நாள்தோறும் நாடி பார்க்கவும், ஊசி குத்திய இடத்தின் வீக்கத்தை ஆற்றவும், குருதி எடுத்தபின் எத்தனை நாள் ஓய்வு தருவது என்று தீர்மானிக்கவும் பயின்ற கைகள் வேண்டும். பாம்புக்கடியால் ஆண்டுதோறும் பல்லாயிரம் உயிர்களை இழக்கும் நாட்டில் குதிரைப் பராமரிப்பைச் செல்வந்தர் பொழுதுபோக்கு என்று தள்ளுதல் பொருந்துமா?

கற்பிக்க வேண்டியவற்றில் எதற்கு முதலிடம் என்பதிலும் தெளிவு தேவை. குதிரையேற்றம் கண்ணைக் கவரும். விளம்பரத்தாளில் அச்சிட ஏற்ற படம் அதுவே. மாணவரைச் சேர்ப்பதற்காக அதனை மட்டும் முன்னிறுத்தி, லாயத்தைக் கூட்டும் வேலையைக் கூலியாளிடம் விடும் பயிற்சி, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதையே ஒக்கும். முதலில் லாயம், அடுத்துத் தீவனம், அதன்பின் குளம்பு, சேணம் நான்காவதாக வரட்டும். அமைதியாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி வரை என்பதை மாணவன் ஏட்டில் எழுதுவதோடு, இருட்டிலும் விரலால் தொட்டு உணர வேண்டும். குளம்பு மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதையும், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செதுக்காவிடில் காலின் சாய்வே மாறிவிடும் என்பதையும் அவன் ஆண்டு முழுவதும் ஒரே குதிரையிடம் கண்டறிய வேண்டும். பெட்டைக் குதிரை பதினொரு மாதம் சினை தாங்கும். பெரும்பாலும் ஒரே குட்டி. ஆதலின் இனப்பெருக்கப் பாடத்தை ஒரு பருவத்தில் முடிப்பதாகக் கூறும் பாடத்திட்டம் எதுவும் நம்பத்தக்கதன்று.

தனிப் பட்டப்படிப்பைவிட, இருக்கும் கால்நடைக் கல்லூரிகளிலேயே ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றும், லாடத் தொழிலுக்கு ஆறுமாதப் பயிற்சி ஒன்றும் தொடங்குதல் இப்போதைக்குப் போதுமானது. வேப்பேரியிலும் மண்ணுத்தியிலும் மாணவர் படைக்கென உள்ள குதிரைகளையும் லாயங்களையும் மற்ற மாணவருக்கும் பயன்படுத்தலாம். புதிய கட்டிடம் தேவையில்லை. லாடப் பயிற்சிக்குப் பட்டதாரிகளைவிடக் கொல்லுப்பட்டறைக் குடும்பத்துப் பிள்ளைகளே பொருத்தமானவர். இரும்பின் சூட்டை நிறத்தால் அறியும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை அவர்களை வாயிலிலேயே தடுத்துவிடாதபடி விதிகளை வகுத்தல் வேண்டும். எல்லைப்புறக் கிராமங்களில் தமிழ் வழியில் படித்தோர், மண்ணுத்திக்குச் சென்றால் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பாடம் கேட்க நேரிடும். வேப்பேரியோ ஓரிரவு ரயில் பயணத் தொலைவில் உள்ளது. அங்கு இடங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு மாணவருக்கே உரியவை. 1956-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் களியக்காவிளைக்கு அப்பால் ஒரு கல் தொலைவில் பிறந்தவனுக்கு எட்டும் இடம் இப்பால் பிறந்தவனுக்கு எட்டுவதில்லை. குறுகிய காலப் பயிற்சிகளிலேனும் இரு மாநிலக் கல்லூரிகளும் எல்லைத் தாலுகாக்களுக்குச் சில இடங்களை ஒதுக்கினால் இச்சிக்கல் தீரும்.

விஸ்தரிப்பு ஊழியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தத்தம் வட்டத்தில் உள்ள குதிரைகள் எத்தனை, அவற்றைக் காப்போர் யார், லாடம் அடிக்க எங்குச் செல்கின்றனர், கடைசியாக எப்போது மருத்துவர் பார்த்தார் என்ற நான்கு வினாக்களுக்கு விடை திரட்ட ஒரு வாரம் போதும். பாலராமபுரம் முதல் பாறசாலை வரை அப்பட்டியல் ஒரே தாளில் அடங்கிவிடலாம். மூன்றாவது வினாவின்கீழ் எத்தனை இடங்கள் வெறுமையாக நிற்கின்றன என்பதை இலாகா முதலில் பார்க்கட்டும்.